கிடர்பூரில் விழுந்த குண்டு, அரக்கோணத்தில் பறக்கும் ட்ரோன்: எல்லை தாண்டித் தாக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டா?

1943 டிசம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை. கல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. நல்ல பகல் வெளிச்சம். பர்மா பக்கமிருந்து வந்த ஜப்பானிய விமானங்கள் அலை அலையாகக் குண்டுகளைக் கொட்டிவிட்டுப் போயின. செத்தவர்களில் பெரும்பாலோர் சிப்பாய்கள் இல்லை, துறைமுகக் கூலிகள். அது வங்காளப் பஞ்சத்தின் ஆண்டு. ஊரில் சோறில்லாமல் வேலை தேடி வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

இன்றைக்கு கிடர்பூர் என்றால் ஃபேன்ஸி மார்க்கெட்டும் பாலத்து டிராஃபிக்கும்தான் கொல்கத்தாக்காரர்களுக்கு நினைவுக்கு வரும். அங்கே இப்படி ஒரு நாள் இருந்தது என்பதே பலருக்குத் தெரியாது.

ட்ரோன் தாக்குதல் சட்டபூர்வமா என்று கேட்டு இந்தக் கட்டுரைக்குள் வந்தவருக்கு, ‘1943 எதுக்கு?’ என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. விமானத்துக்குள் ஆள் இருந்தாரா இல்லையா என்பது மட்டும்தான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம். கேள்விகள் அதேதான். இன்னொரு நாட்டின் வானத்துக்குள் நுழைந்து குண்டு போடலாமா? போட்டால் யார் மேல் போடலாம்? கிடர்பூரில் குண்டு விழுந்தபோது இந்தக் கேள்விகளுக்கு எழுதப்பட்ட விடை ஏன் இல்லாமல் போனது என்பதில்தான், இன்றைய ட்ரோன் சர்ச்சையின் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது.

எழுதிவைத்தார்கள், ஆனால் கையெழுத்துப் போடவில்லை

முதல் உலகப் போரில் விமானங்கள் நகரங்கள் மேல் குண்டு போட்டதைப் பார்த்த பிறகு, சட்ட நிபுணர்கள் குழு ஒன்று 1922 டிசம்பர் முதல் 1923 பிப்ரவரி வரை ஹேக் நகரில் உட்கார்ந்து வான்போர் விதிகளைத் தயாரித்தது. பொதுமக்களை அச்சுறுத்துவதற்காகக் குண்டு போடக்கூடாது, ராணுவ இலக்குகளை மட்டுமே தாக்கலாம் என்றெல்லாம் அதில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் எந்த நாடும் அதை ஒப்பந்தமாக ஏற்கவில்லை. வரைவு வரைவாகவே நின்றுபோனது.

ஏன் என்று கேட்டால், ஒரு விடை வஜிரிஸ்தானில் இருக்கிறது. இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கில் உள்ள மலைப்பகுதி. 1925 மார்ச் முதல் மே வரை அங்கே மஹ்சூத் பழங்குடியினர் மேல் பிரிட்டிஷ் விமானப்படை தனியாகவே, தரைப்படை உதவி இல்லாமல், ஒரு போர் நடத்தியது. தளபதியின் பெயரால் அதை ‘பிங்க் போர்’ என்பார்கள். குண்டு போடுவதற்கு முன் எச்சரிக்கைத் துண்டறிக்கைகளை வீசினார்கள். ஆள் சேதமும் குறைவு, செலவும் குறைவு. லண்டனுக்கு இந்த முறை ரொம்பப் பிடித்துவிட்டது.

1933இல் ஜெனீவா ஆயுதக்குறைப்பு மாநாட்டில் வான்வழிக் குண்டுவீச்சையே தடை செய்யலாம் என்ற பேச்சு வந்தபோது பிரிட்டன் ஒரு விதிவிலக்கு கேட்டது: தொலைதூரப் பகுதிகளில் ‘காவல் பணிக்காக’ குண்டு போட மட்டும் அனுமதி வேண்டும். மாநாடு பல காரணங்களால் தோற்றது. அதில் இந்த விதிவிலக்கும் ஒரு முட்டுக்கட்டை.

பத்து வருஷம் கழித்து அதே பிரிட்டிஷ் இந்தியாவின் துறைமுகம் வானிலிருந்து தாக்கப்பட்டது. தாக்கியது வேறு ஒரு பேரரசு. பிரிட்டன் தனக்காகத் திறந்துவைத்த சட்டத்தின் ஓட்டை வழியாக ஜப்பானும் வந்துபோனது. அடி வாங்கியது லண்டனில் விதிவிலக்கு கேட்டவர்கள் இல்லை, கிடர்பூரில் மூட்டை தூக்கியவர்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1941 டிசம்பரில், ரங்கூனில் இதே கதை நடந்திருந்தது. அங்கே துறைமுகத்தில் உழைத்தவர்களில் தெலுங்கர்களும் தமிழர்களும் ஏராளம். அந்தக் குண்டுவீச்சுக்குப் பிறகு பர்மாவிலிருந்து நடையாய் நடந்து வந்த லட்சக்கணக்கானோரின் கதை தமிழ்நாட்டில் பல குடும்பங்களில் இன்னும் பேசப்படுகிறது.

போர் முடிந்து டோக்கியோவில் ஜப்பானியத் தலைவர்கள் மேல் விசாரணை நடந்தபோது, நகரங்கள் மீதான குண்டுவீச்சு தனிக் குற்றமாக எழுப்பப்படவில்லை. எழுப்பினால் டோக்கியோ, ஹிரோஷிமா எல்லாம் பேச்சுக்கு வந்துவிடும் இல்லையா? அந்த நீதிபதிகள் வரிசையில் இருந்த ராதாபினோத் பால் கல்கத்தாக்காரர். கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர். தன் நகரத்தின் மேல் குண்டு போட்ட நாட்டின் தலைவர்கள் அனைவரையும் விடுவிக்கவேண்டும் என்று அவர் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். பசிபிக் போரில் கண்மூடித்தனமான கொலைக்கு உதாரணம் தேடினால் அணுகுண்டு போட எடுத்த முடிவுதான் கிடைக்கும் என்பது அவர் வாதம். ஜப்பானின் குற்றங்களை அவர் லேசாக எடுத்துக்கொண்டார் என்ற விமர்சனம் இன்றும் உண்டு. அது நியாயமான விமர்சனம்தான். ஆனால் ஜெயித்தவனுக்கு ஒரு சட்டம், தோற்றவனுக்கு ஒரு சட்டமா என்ற அவர் கேள்விக்கு இன்னும் நேரான பதில் வரவில்லை.

சரி, இப்போ சட்டம் என்ன சொல்லுது?

ட்ரோன் என்ற கருவியைத் தடை செய்யும் சர்வதேசச் சட்டம் எதுவும் கிடையாது. ரசாயன ஆயுதத்துக்கு இருப்பது போன்ற தடை இதற்கு இல்லை. ஆகவே ‘ட்ரோன் சட்டவிரோதம்’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது தப்பு. சட்டம் கேட்பது இரண்டு தனித்தனிக் கேள்விகள். இரண்டையும் தாண்டினால்தான் ஒரு தாக்குதல் செல்லும்.

முதல் கேள்வி: எல்லையைத் தாண்ட உனக்கு அனுமதி இருக்கிறதா? ஐநா சாசனத்தின் பிரிவு 2(4) இன்னொரு நாட்டின் மேல் பலத்தைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. தப்பிக்க மூன்று வழிகள். ஐநா பாதுகாப்புச் சபை அனுமதிக்கவேண்டும். அல்லது அந்த நாடே சம்மதிக்கவேண்டும். அல்லது ஆயுதத் தாக்குதலுக்கு உள்ளான நாடு, பிரிவு 51இன்படி, தற்காப்புக்காகச் செய்யவேண்டும்.

சம்மதம் என்பது கேட்க எளிமையாக இருக்கிறது. நடைமுறையில் அப்படி இல்லை. 2004 ஜூனில் தெற்கு வஜிரிஸ்தானில் அமெரிக்காவின் முதல் ட்ரோன் தாக்குதல் நடந்தது. ஆமாம், அதே வஜிரிஸ்தான். அதன் பிறகு பல ஆண்டுகள் பாகிஸ்தான் அரசு வெளியே கண்டனம், உள்ளே சம்மதம் என்று நடந்துகொண்டதாக விக்கிலீக்ஸில் கசிந்த அமெரிக்கத் தூதரகக் கடிதங்கள் காட்டின. பலுசிஸ்தானில் உள்ள ஷம்ஸி விமானத் தளத்தையே அமெரிக்கா பயன்படுத்தியது. கடைசியில் 2013 மே மாதம் பெஷாவர் உயர் நீதிமன்றம் அந்தத் தாக்குதல்கள் சட்டவிரோதம், போர்க்குற்றம் என்று தீர்ப்பளித்தது. தாக்குதல்கள் உடனே நின்றுவிடவில்லை. ரகசியச் சம்மதம் சட்டத்தின் கண்ணில் சம்மதம்தானா என்று நிபுணர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். குண்டு விழுந்த வீட்டுக்காரருக்கோ, தன் அரசிடம் போய் முறையிடும் வழியும் அதோடு அடைபட்டுப்போனது.

தற்காப்பு என்பது இன்னும் சிக்கல். தாக்கியது நாடு இல்லை, ஒரு தீவிரவாத அமைப்பு என்றால் என்ன செய்வது? அமெரிக்கா முன்வைத்த வாதம் இது: அந்த அமைப்பு இருக்கும் நாட்டுக்கு அதைத் தடுக்க மனமில்லை அல்லது திராணியில்லை என்றால் நாங்களே உள்ளே போய்த் தாக்கலாம். ஐநா சாசனத்தில் இந்த வரி எங்குமே கிடையாது. ஒரு நாடு இன்னொரு நாட்டைத் தாக்குவதைத்தான் பிரிவு 51 பேசுகிறது என்ற பொருளில் சர்வதேச நீதிமன்றம் 2004இல் ஆலோசனைக் கருத்து சொன்னது. மறுபக்கம், 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு பாதுகாப்புச் சபையே தற்காப்பு உரிமையை நினைவூட்டித் தீர்மானம் போட்டது. ஆக, வாதத்துக்கு இரண்டு பக்கமும் சரக்கு இருக்கிறது.

இந்தியா எந்தப் பக்கம்?

2019 பிப்ரவரி 26 அன்று பாலகோட் தாக்குதலுக்குப் பிறகு அன்றைய வெளியுறவுச் செயலர் விஜய் கோகலே பயன்படுத்திய சொற்களைக் கவனிக்கவேண்டும்: ‘ராணுவம் சாராத முன்கூட்டிய நடவடிக்கை’. போர் விமானம் எல்லை தாண்டிப் போட்ட குண்டு எப்படி ‘ராணுவம் சாராதது’ ஆகும் என்று அப்போதே பலர் சிரித்தார்கள். ஆனால் அது தெரியாமல் வந்த வார்த்தை இல்லை. பாகிஸ்தான் ராணுவத்தையோ மக்களையோ நாங்கள் குறிவைக்கவில்லை என்று சட்டத்துக்குச் சொல்லும் வார்த்தை அது.

2021 பிப்ரவரியில் மெக்சிகோ கூட்டிய ஐநா கூட்டத்தில் இந்தியா இன்னும் வெளிப்படையாகவே பேசியது. ஒரு அமைப்பு திரும்பத் திரும்பத் தாக்கியிருக்கவேண்டும், அது இருக்கும் நாட்டுக்கு அதைத் தடுக்க விருப்பமில்லாமல் இருக்கவேண்டும், அந்த நாடே அதற்குத் துணைபோகவேண்டும். இப்படியானால் முன்கூட்டியே தாக்கலாம் என்பது இந்தியாவின் நிலை. மூன்றாவது நிபந்தனை அமெரிக்க வாதத்தில் இல்லாதது. அந்த அளவுக்கு நம் நிலைப்பாடு கொஞ்சம் இறுக்கமானது என்றுதான் சொல்லவேண்டும்.

2025 ஏப்ரல் 22இல் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு மே 7 அன்று நடந்த ஆபரேஷன் சிந்தூரிலும் இதே மொழிதான்: ஒன்பது இடங்கள், எல்லாம் தீவிரவாத முகாம்கள், பாகிஸ்தான் ராணுவ நிலைகள் எதுவும் தொடப்படவில்லை. பொதுமக்கள் இறந்ததாகப் பாகிஸ்தான் சொன்னது. அதற்கடுத்து மே 8 இரவு பாகிஸ்தான் 36 இடங்களில் 300 முதல் 400 ட்ரோன்களை அனுப்பியதாக இந்திய அரசு தெரிவித்தது. அதே வாரம் நாடு முழுக்க நடந்த போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகையில் சென்னைத் துறைமுகமும் கல்பாக்கமும் இருந்தன. போர் என்று வந்தால் துறைமுகம்தான் முதல் இலக்குகளில் ஒன்று என்பதை கிடர்பூர் எப்போதோ பார்த்துவிட்டது.

இந்த வாதம் எவ்வளவு வேகமாகக் கை மாறும் என்பதற்கு 2024 ஜனவரியைப் பார்த்தால் போதும். ஜனவரி 16 அன்று ஈரான், தன் எதிரி அமைப்பு ஒன்று அங்கே பதுங்கியிருக்கிறது என்று சொல்லி பாகிஸ்தானின் பலுசிஸ்தானை ஏவுகணை, ட்ரோன் கொண்டு தாக்கியது. அடுத்த நாள் இந்திய வெளியுறவுத் துறை, தற்காப்புக்காக நாடுகள் எடுக்கும் நடவடிக்கைகளைப் புரிந்துகொள்கிறோம் என்றது. ஜனவரி 18 அன்று பாகிஸ்தான், தன் எதிரி அமைப்பு அங்கே இருக்கிறது என்று சொல்லி ஈரானுக்குள் ட்ரோனால் அடித்தது. காரணம் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றுதான். இரண்டு பக்கமும் குழந்தைகள் செத்தன.

யாரைத் தாக்கலாம்?

முதல் கேள்வியில் ஜெயித்தாலும் இரண்டாவது கேள்வி தனியாக நிற்கிறது. போராளியையும் பொதுமக்களையும் பிரித்துப் பார்க்கவேண்டும். கிடைக்கப்போகும் ராணுவப் பலனை விட பொதுமக்களுக்கு வரும் சேதம் மிகையாக இருக்கக்கூடாது. சேதத்தைக் குறைக்க முடிந்த எல்லா முன்னெச்சரிக்கையும் எடுக்கவேண்டும். ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977ஆம் வருஷ முதல் கூடுதல் நெறிமுறை இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறது. இந்தியா, பாகிஸ்தான், அமெரிக்கா, ஈரான், இஸ்ரேல், இலங்கை என்று இந்த விஷயத்தில் பெயர் அடிபடும் எந்த நாடும் அதை உறுதிசெய்யவில்லை. ஆனாலும் இதன் அடிப்படை விதிகள் வழக்கச் சட்டமாகவே எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்பது பரவலான கருத்து.

இந்த அளவுகோலை கிடர்பூரில் வைத்துப் பார்ப்போம். துறைமுகம் ராணுவ இலக்கா? ஆமாம். பர்மா போர்முனைக்கான சரக்குகள் அதன் வழியாகப் போயின. அங்கே மூட்டை தூக்கியவர் ராணுவ இலக்கா? இல்லை. அவர் பொதுமகன்தான். அவர் நிற்கும் இடம் இலக்கு என்பதால் அவர் உயிர் கணக்கில் வராமல் போய்விடாது. ஞாயிற்றுக்கிழமைப் பகலில், ஆட்கள் வேலையில் இருக்கும் நேரம் பார்த்து அடித்ததை இன்றைய விதிகளில் நியாயப்படுத்த, தாக்கியவர் நிறைய விளக்கம் சொல்லவேண்டியிருக்கும். ராத்திரியில் வந்திருக்க முடியாதா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். ஒரு வருஷம் முன்னால், 1942 டிசம்பரில், அவர்கள் ராத்திரியில்தான் வந்தார்கள்.

ட்ரோனுக்கு ஆதரவான வாதம் இங்கேதான் வலுவாகிறது. அதை நேர்மையாகச் சொல்லிவிடவேண்டும். 1943இன் விமானம் குத்துமதிப்பாகக் குண்டு போட்டது. ட்ரோன் பல மணி நேரம் மேலேயே சுற்றிப் பார்த்து, குழந்தை ஒன்று குறுக்கே வந்தால் தாக்குதலைத் தள்ளிப்போட முடியும். கருவி என்ற அளவில் அது முன்னேற்றம்தான்.

ஆனால் பார்ப்பது வேறு, புரிந்துகொள்வது வேறு. 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ஒரு வெள்ளைக் காரை அமெரிக்க ட்ரோன் சுமார் எட்டு மணி நேரம் பின்தொடர்ந்தது. ஓட்டியவர் ஓர் உதவி அமைப்பின் ஊழியர். காரில் ஏற்றியது தண்ணீர் கேன். வெடிகுண்டு என்று நினைத்து அடித்தார்கள். பத்துப் பேர் செத்தார்கள், அதில் ஏழு பேர் குழந்தைகள். சரியான தாக்குதல்தான் என்று முதலில் பேசிய பென்டகன், பத்திரிகைகள் தோண்டியெடுத்த பிறகு செப்டம்பர் 17 அன்று தவறை ஒப்புக்கொண்டது. தண்டனை யாருக்கும் இல்லை. சம்பவம் நடந்தது பத்திரிகையாளர்கள் போய்ப் பார்க்க முடிந்த ஒரு தலைநகரத்தில் என்பதை மறக்கவேண்டாம். வஜிரிஸ்தான் மலையில் நடந்திருந்தால்?

செத்தவர்களை யார் எண்ணுவது?

2009 முதல் 2015 வரை, தான் போரிடாத நாடுகளில் 473 தாக்குதல்கள் நடத்தியதாகவும் அதில் 64 முதல் 116 பொதுமக்கள் இறந்ததாகவும் அமெரிக்க அரசு 2016இல் சொன்னது. லண்டனில் இருந்து இயங்கும் பியூரோ ஆஃப் இன்வெஸ்டிகேட்டிவ் ஜர்னலிசம் அதே காலத்துக்குச் சொன்ன எண்ணிக்கை 380 முதல் 801. தாக்குதல் பகுதியில் இருக்கும் வயதுக்கு வந்த ஆண்கள் எல்லோரையும் போராளிகளாகவே கணக்கெடுக்கிறார்கள் என்று 2012இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அரசு பிறகு மறுத்தது. 2019 மார்ச்சில் டிரம்ப் அந்த வருடாந்திரக் கணக்கு வெளியிடும் கடமையையே ரத்து செய்தார். பிரச்சினை தீர்ந்தது!

கிடர்பூரிலும் இதே கதைதான். முந்நூற்றுச் சொச்சம் என்று ஒரு கணக்கு, ஐநூறு என்று இன்னொரு கணக்கு. போர்க்காலத் தணிக்கை, தினக்கூலிகள், பஞ்சத்தில் தினமும் தெருவில் விழுந்துகொண்டிருந்த பிணங்கள். இதில் யார் எதனால் செத்தார் என்று யார் பிரித்துப் பார்த்திருப்பார்கள்? எண்ணப்படாதவர்களுக்கு விகிதாசார விதி வேலை செய்யாது. தராசின் ஒரு தட்டில் எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாமல் எதை நிறுப்பது?

கணக்கில் வராத இன்னொன்று, சத்தம். வஜிரிஸ்தானில் ட்ரோனைக் குளவி என்ற பொருளில் ‘பங்கானா’ என்றார்கள். காஸாவில் ரீங்காரத்தைக் குறித்து ‘ஸனானா’ என்கிறார்கள். இலங்கையில் வன்னி மக்கள் தங்கள் தலைக்கு மேல் சுற்றிய வேவு விமானத்தை ‘வண்டு’ என்றார்கள். வண்டு குண்டு போடவில்லை, படம் பிடித்தது. ஆனால் வண்டு வந்தால் அடுத்து என்ன வரும் என்று தெரிந்தவர்களுக்கு அந்தச் சத்தமே போதும். மூன்று மொழிக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்காமலேயே ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கிறார்கள்.

அரக்கோணத்தில் என்ன இருக்கிறது?

ராணிப்பேட்டை மாவட்டம் அரக்கோணத்தில் உள்ள ஐஎன்எஸ் ராஜாளி கடற்படைத் தளத்தில் 2020 நவம்பர் முதல், குத்தகைக்கு எடுத்த இரண்டு அமெரிக்க எம்க்யூ-9பி ட்ரோன்கள் இந்தியப் பெருங்கடலைக் கண்காணித்து வந்தன. அதில் ஒன்று 2024 செப்டம்பரில் சென்னைக்கு அப்பால் கடலில் விழுந்தது. குத்தகை ட்ரோன்களில் ஆயுதம் கிடையாது. அடுத்த மாதமே 31 எம்க்யூ-9பி ட்ரோன்களை வாங்க இந்தியா கையெழுத்திட்டது. கடற்படைக்கு 15, தரைப்படைக்கும் விமானப்படைக்கும் தலா 8. இவை ஏவுகணை சுமக்கக்கூடியவை. வஜிரிஸ்தானிலும் காபூலிலும் பறந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

வாங்கக்கூடாது என்று சொல்லவரவில்லை. மும்பை, பதான்கோட், புல்வாமா பார்த்த நாட்டுக்குத் தற்காப்பு உரிமை இருக்கிறது. ஆனால் விமானியை அனுப்பும்போது இருக்கும் தயக்கம் ஒன்று உண்டு. பாலகோட்டுக்கு மறுநாள் ஒரு இந்திய விமானி பாகிஸ்தானிடம் சிக்கியபோது நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கும். ட்ரோன் விழுந்தால் அப்படி யாரும் காத்திருக்கப்போவதில்லை. அந்தத் தயக்கம் இல்லாமல் போகும் இடத்தில் விதி இருந்தாகவேண்டும்: ஏவுகணையை அழுத்த உத்தரவிடுவது யார், தவறு நடந்தால் விசாரிப்பது யார், இறந்தவர் எந்த நாட்டவராக இருந்தாலும் எண்ணிக்கையை வெளியிடுவார்களா, குடும்பத்துக்கு நஷ்டஈடு உண்டா.

2013இல் ஒபாமா அரசு, போர்க்களத்துக்கு வெளியே தாக்க இப்படி ஒரு விதித்தொகுப்பை உருவாக்கியது. பொதுமக்கள் சாகமாட்டார்கள் என்பது ஏறக்குறைய நிச்சயமாகத் தெரிந்தால்தான் தாக்கவேண்டும் என்றது அது. அதையும் தாண்டித் தவறுகள் நடந்தன. ஆனால் எந்த விதி மீறப்பட்டது என்று கேட்கவாவது ஒரு காகிதம் இருந்தது. நம்முடைய 31 ட்ரோன்கள் 2029 முதல் வந்து சேரவேண்டும். நாடாளுமன்றத்துக்கு இதைக் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது.